முடிந்தது என்றால் எது முடிந்தது?

என் அப்பா கோயில்பிள்ளையாக இருந்த 31 வருடத்தில் ஒரு பெரிய வெள்ளிக்கிழமைகூட ஏழாம் வார்த்தைப் பிரசங்கத்தை முழுசாகக் கேட்டதில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபையில் கோயிலைத் திறந்து பூட்டுவது, பெருக்குவது, பாய் விரிப்பது, மணி அடிப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. ஐயர் வருவார், மாறுதலாகிப் போவார் (நாங்கள் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம், குழம்ப வேண்டாம்), கோயில்பிள்ளை அங்கேயேதான் இருப்பார். பெரிய வெள்ளி அன்று பகல் 12 மணிக்கு ஆரம்பிக்கிற ஆராதனை 3 மணி வரை போகும். சிலுவையில் இயேசு பேசின ஏழு வார்த்தைக்கும் ஏழு பேர் பேசுவார்கள். "அதோ, உன் தாய்" என்று வருவதால் மூன்றாம் வார்த்தை எப்போதும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போய்விடும், ஏதோ தாயைப் பார்த்துக்கொள்வது பெண்களின் வேலை மட்டும்தான் என்பதுபோல. ஆறாம் வார்த்தைக்கான பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பா கையிலிருக்கிற ஹெச்.எம்.டி. வாட்சைப் பார்ப்பார், எழுந்து பக்கவாசல் வழியாக மணிக்கூண்டுக்குப் போய்விடுவார். சரியாக மூன்றுக்கு முதல் மணி. மொத்தம் 33, ஆண்டவரின் வயசுக்கு ஒன்றாக. கயிற்றை இழுத்துவிட்டு அந்த ஓசை தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் ஆகிற வரை காத்திருந்துதான் அடுத்ததை இழுப்பார். உள்ளே ஏழாம் வார்த்தைக்காரர் முடித்தாரா இல்லையா என்பது அவர் கவலை இல்லை. "ஆகவே பிரியமானவர்களே" என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே மணி விழுந்து, பாவம், பாதியில் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிரசங்கிமார் நிறைய.

எனக்கு 19 வயசில் ஒரு வாலிபர் முகாம். கடைசி நாள் ராத்திரி, லைட்டைக் குறைத்துவிட்டு, கீபோர்டை மெதுவாக வாசிக்கவிட்டு, "தேவன் உன்னைக் குறித்து ஒரு பெரிய திட்டம் வைத்திருக்கிறார், அதைக் கண்டுபிடித்துவிட்டாயா?" என்று பேசினவர் கேட்டார். நானும் அழுதுகொண்டே எழுந்து நின்றேன். பொய்யாக நிற்கவில்லை. ஆனால் அந்த ராத்திரியிலிருந்து கிட்டத்தட்ட இருபது வருடம், வராத ரயிலுக்காகப் பெட்டி படுக்கையோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரிதான் வாழ்ந்தேன். பார்க்கிற குமாஸ்தா வேலை நோக்கம் இல்லை. கட்டின குடும்பமும் நோக்கம் இல்லை. நோக்கம் என்பது வேறெங்கோ, மைக் இருக்கிற இடத்தில், எனக்காகக் காத்திருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அந்த முகாமில் ஒருவன் "உங்க அப்பா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது "சபையில ஊழியம்" என்றேன். அவன் ஐயர் என்று நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை.

அந்தத் "திட்டம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். எரேமியா 29:11 இல்லாத புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை உண்டா? பிரசங்கத்தில் அதைத் "திட்டங்கள்" என்று சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. நம் வீட்டில் இருக்கிற பழைய திருப்புதலை, அதாவது பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை, திறந்து பாருங்கள், "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்றுதான் இருக்கும். நினைவு. ஊருக்குப் போன பிள்ளையை அம்மா நினைத்துக்கொண்டிருப்பது மாதிரி. அதுவும் யாருக்கு எழுதின கடிதம்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதாவது கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வரப்போவதில்லை. அதுவரை என்ன செய்ய? வீட்டைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், இருக்கிற ஊரின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். இதை எந்த முகாமிலும் கீபோர்டு வாசித்துச் சொல்ல மாட்டார்கள்.

சரி, சிலுவைக்கு வருவோம். நாம் அதைத் தங்கத்தில் செய்து கழுத்தில் போட்டுக்கொள்கிறோம், கோபுரத்தில் சீரியல் லைட் சுற்றுகிறோம். அன்றைக்கு அது ரோமருடைய அன்றாட அலுவல். கி.மு. 71இல் ஸ்பார்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கினபோது கப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் ரோட்டோரமாக ஆறாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். கி.பி. 70இல் எருசலேமை முற்றுகையிட்டபோது நாளொன்றுக்கு 500 பேர், சில நாள் அதற்கும் மேல் அறைந்தார்கள் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் ஒரு வாலிபனின் குதிகால் எலும்பு, ஆணி பாய்ந்தபடியே. ஆணி ஏறக்குறைய 11.5 சென்டிமீட்டர். முனை வளைந்து மாட்டிக்கொண்டதால் பிடுங்க முடியாமல் வீட்டார் அப்படியே எடுத்துவந்து புதைத்திருக்கிறார்கள். பெட்டியில் யோகனான் என்று பெயர் கீறியிருக்கிறது. அவனைப் பற்றி வேறெதுவும் பெரிதாகத் தெரியாது.

இதை வாசித்த அன்று எனக்கு ஒன்று உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமை எருசலேமில் இருந்த பெரும்பாலானவர்களுக்கு இயேசுவின் சிலுவை ஒரு செய்தியே இல்லை. மூன்று பேரில் ஒருவர். பஸ்கா பண்டிகைக்கு ஆட்டுக்குட்டி வாங்கப் போகிறவன் தலையைத் திருப்பிக்கொண்டு போயிருப்பான். சேவகர் கீழே உட்கார்ந்து உடுப்புக்குச் சீட்டுப் போடுகிறார்கள், வேலை நேரத்தில் அலுப்புத் தெரியாமல் இருக்க நம் ஆட்கள் செல்போனில் கேம் ஆடுகிற மாதிரி. உலகத்தின் தலையெழுத்தையே மாற்றின காரியம் பக்கத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அந்தச் சிலுவையிலிருந்துதான் இயேசு, ஆறாம் வார்த்தையாக, "முடிந்தது" என்கிறார். எது முடிந்தது?

முந்தின ராத்திரி ஜெபத்திலேயே "நான் செய்யும்படி நீர் எனக்கு நியமித்த கிரியையைச் செய்துமுடித்தேன்" என்று சொல்லிவிட்டார். நன்றாகக் கவனித்தால், கண்ணில் பட்ட எல்லாவற்றையும் முடித்தேன் என்று சொல்லவில்லை. பெதஸ்தா குளத்தங்கரையில் ஐந்து மண்டபம் நிறைய நோயாளிகள் படுத்திருந்தார்கள், அவர் எழுப்பினதாக எழுதியிருப்பது 38 வருஷம் கிடந்த ஒரே ஒருவனைத்தான். அப்போஸ்தலர் மூன்றாம் அதிகாரத்தில் தேவாலயத்தின் அலங்கார வாசலில் பிறவிச் சப்பாணி ஒருவன் வருகிறான். வயசு நாற்பதுக்கு மேல். நாடோறும் கொண்டுவந்து வைப்பார்கள் என்று இருக்கிறது. இயேசு அந்தக் கடைசி வாரம் முழுக்க தேவாலயத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். எந்த வாசல் வழியாக வந்தார் என்று எழுதவில்லை, ஆனால் பக்கத்தில் எங்கேயோதான் அவன் கையேந்தி உட்கார்ந்திருப்பான். அவன் எழும்பாமல் இருக்கும்போதே அவர் "முடிந்தது" என்று சொல்லித் தலையைச் சாய்த்துவிட்டார். என்னால் முடியாது. ஒரு மெயிலுக்குப் பதில் போடாமல் விட்டால்கூட ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. அந்தச் சப்பாணி பிறகு எழுந்தான், சீஷர்கள் பேதுருவும் யோவானும் ஜெபவேளையில் ஏறிப் போகும்போது. எந்த நேரம் என்று பாருங்கள், ஒன்பதாம் மணி நேரம். நம் கணக்குக்குப் பிற்பகல் மூன்று. ஆண்டவர் ஜீவனை விட்ட அதே நேரம். அந்த வேலை பேதுருவின் பங்கில் இருந்திருக்கிறது.

கொல்லிமலைக்குப் போன ஆங்கிலேய மிஷனெரி ஜெஸ்ஸி பிராண்டை எனக்கு இந்த விஷயத்தில்தான் பிடிக்கும். ஐந்து மலைகளுக்குப் போக வேண்டும் என்று கனவு வைத்திருந்தார். 1929இல் மலேரியா முற்றி வருகிற காய்ச்சலில் போய்விட்டார். மிஷன் ஓய்வு கொடுத்து அனுப்பின வயசில் அவர் மனைவி எவ்லின் அம்மாள் திரும்ப மலையேறி, 1974இல் 95 வயசில் இறக்கிற காலம் வரைக்கும் அந்த மலைகளுக்காகவே இருந்தார். மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயில் மடங்கிப்போன கைகளை விரிய வைத்தார். ஜெஸ்ஸி இது எதையும் பார்க்கவில்லை. யாராவது அவரிடம் "உங்கள் நோக்கம் நிறைவேறியதா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இந்த இடத்தில் ஒரு சண்டையும் போட்டுவிடுகிறேன். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு இருக்கிற பெண்ணிடம் "அது உனக்குக் கொடுத்த சிலுவைம்மா, சுமந்துதான் ஆகணும்" என்று ஆலோசனை சொல்கிற பெரியவர்கள் எல்லா சபையிலும் இருக்கிறார்கள். சிலுவையை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிற லூக்கா 9:23 எப்படி ஆரம்பிக்கிறது? "ஒருவன் என் பின்னே வர விரும்பினால்." விரும்பினால்! இன்னொருத்தன் முரட்டுத்தனமாகத் தலையில் ஏற்றுகிற பாரத்துக்குச் சிலுவை என்று பெயர் வைக்கிற அதிகாரம் நமக்கு இல்லை. இயேசுவே தம் ஜீவனைப் பற்றி, ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே கொடுக்கிறேன் என்றுதான் சொன்னார்.

உடனே ஒருவர் கேட்பார், அப்படியானால் சிரேனே ஊரானாகிய சீமோன்? அவனைப் பலவந்தம்பண்ணித்தானே சுமக்க வைத்தார்கள்? ஆமாம், பலவந்தம்தான், ரோமச் சேவகனின் அநியாயம்தான். இன்றைய லிபியாவில் இருந்த ஊர் சிரேனே. சீமோன் அன்றைக்கு நாட்டுப்புறத்திலிருந்து பட்டணத்துக்கு வந்துகொண்டிருந்தான். பண்டிகை நேரம், அவனுக்கென்று ஆயிரம் சோலி இருந்திருக்கும். திடீரென்று தோளில் இரத்தம் பிசுபிசுக்கிற ஒரு மரம். யாருடையது என்றுகூடத் தெரிந்திருக்காது. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வேதத்தில் இல்லை. அவன் மனசு என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லை. ஆனால் மாற்கு மட்டும் அவனை "அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்" என்று எழுதுகிறார். வாசிக்கிற சபைக்கு அந்தப் பையன்களைத் தெரியும் என்றால்தானே இப்படி எழுதுவார்கள்? நம்ம ஊரில் "இன்னார் அப்பா" என்று அடையாளம் சொல்கிற மாதிரி. ரோமர் 16இல் பவுல் ஒரு ரூபுக்கும், "எனக்கும் தாயாகிய" அவன் தாய்க்கும் வாழ்த்துச் சொல்கிறார். அதே ரூப்பாக இருக்கலாம் என்று ரொம்பப் பேர் நினைக்கிறார்கள். அப்படியானால் கட்டாயத்துக்குச் சுமந்த ஒரு சில நூறு அடி, வீட்டுக்குள் வந்து, மனைவி பிள்ளை வரை போயிருக்கிறது. சீமோன் எந்த முகாமிலும் எழுந்து நிற்கவில்லை.

எனக்கு இப்போது 47. மேடை வரவில்லை. அப்பாவுக்கு 78, பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. காலையில் அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஷேவ் பண்ணிவிட்டு, ஆபீஸ் போகிறேன். தாடையில் ஒரு பக்கம் உணர்ச்சி இல்லாததால் பிளேடு பட்டாலும் அவருக்குத் தெரியாது, அதனால் அந்தப் பக்கம் ரொம்ப நிதானமாக இழுக்க வேண்டும். சிலுவையை எடுத்துக்கொள்ளச் சொல்கிற அந்த வசனத்தில் லூக்கா மட்டும் "அனுதினமும்" என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறாரே, அது ஷேவிங்குக்காகவே எழுதினது என்று எனக்கு ஒரு எண்ணம். (ஐயர் யாராவது வாசித்தால் மன்னிக்கவும்.) எல்லா நாளும் அன்போடு செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன். எரிச்சலோடு செய்கிற நாள்தான் அதிகம்.

அப்பா வேலையை விட்ட பிறகு கமிட்டி கோயில் மணிக்கு மோட்டார் வைத்துவிட்டது. டைமர் போட்டால் தானே அடிக்கும். இந்த வருடம் பெரிய வெள்ளியன்று ஏழாம் வார்த்தையை ஒரு வாத்தியார் நன்றாகவே ஆரம்பித்தார். "பிதாவே, உம்முடைய கைகளில்" வரைக்கும் வந்தார், கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் மைக்கும் இரண்டு ஃபேனும்தான். வாட்சைப் பார்த்தேன், மூன்றுக்குப் பத்து நிமிடம். ஐயர் பீடத்திலிருந்து என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார்? எழுந்து பக்கவாசல் வழியாகப் போனேன். கயிறு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது, சுவரில் ஒரு ஆணியில் சுற்றி, பிடிக்கிற இடம் மட்டும் வழவழவென்று கறுத்துப்போய்.

முடித்துவிட்டு, கோயிலில் கொடுத்த கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"ஏய்யா, மணி நீயா அடிச்ச?"

"ஆமாப்பா. கரண்ட் இல்ல."

தூக்கி உட்கார வைத்தேன். ஸ்பூனில் ஒரு வாய் கொடுத்தேன். விழுங்கி முடிக்கிற வரை பேசவில்லை.

"பதினெட்டாவதுக்கு அப்புறம் அவசரப்பட்டுட்ட" என்றார்.