ஜெராக்ஸ் கடைக் கணினியில் கிடக்கும் ஆதார்

பாளையங்கோட்டையில் பல ஜெராக்ஸ் கடைகளின் கண்ணாடியில் ஒரு வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், எதுவானாலும் அந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டு, "அண்ணாச்சி, இரண்டு காப்பி" என்கிறோம். தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அனுப்பியது அங்கேயே கிடக்கிறது. அச்சிடுவதற்காக இறக்கிய கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் நாம் பிறகு அழித்தாலும் அது அழியாது. கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் அந்தத் தெருவின் பிறந்த தேதிகளும் முகவரிகளும் மொத்தமாகக் கிடைக்கும். அண்ணாச்சிகள் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் கணினிக்குக் கடவுச்சொல் இல்லை, வேலைக்கு நிற்கும் பையன் அடிக்கடி மாறுகிறான், பழுதானால் பெட்டி அப்படியே ரிப்பேருக்குப் போகிறது. என் கவலை அதுதான்.

இணையத்தில் என் பெயரையும் கைபேசி எண்ணையும் போட்டுத் தேடிப் பார்த்தேன். நான் எழுதியவை கொஞ்சமே. பழைய மாணவர் பட்டியல், குடியிருப்போர் சங்கத்தின் சந்தா விவரம், யாரோ ஏற்றிய கல்யாணப் படம் என்று பெரும்பாலானவை மற்றவர்கள் போட்டவை. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இதைவிட என்னை வருத்துவது பெண் ஜாதகம். வரன் பார்க்கத் தொடங்கியதும் பெண்ணின் பெயர், புகைப்படம், பிறந்த நேரம், வேலை பார்க்கும் நிறுவனம், சம்பளம், வீட்டு முகவரி, தகப்பனார் எண் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பில் சேர்த்துச் சமுதாய வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள். முன்பு தரகர் மஞ்சள் பையில் ஜாதகத்தைக் கொண்டுவருவார். பொருந்தவில்லையென்றால் திருப்பி வாங்கிக்கொண்டு போவார். எந்தெந்த வீட்டில் காட்டினார் என்பது ஆச்சிக்குத் தெரியும். இப்போது அம்பாசமுத்திரத்தில் போட்டது துபாய் போய்க் கோவில்பட்டிக்கு வருகிறது. என் அக்காள் மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. இன்றும் அத்தானுக்கு, "பெண்ணுக்கு வரன் பார்க்கிறீர்களா?" என்று அழைப்பு வருகிறது. அவளுக்கே நேராக இரவில் அழைத்தவர்களும் உண்டு. மகளின் பெயரையும் அலுவலகத்தையும் சொல்லிப் பேச்சைத் தொடங்கும் மோசடிக்காரனை எந்தத் தகப்பன் சந்தேகிப்பார்?

நாலு பேருக்குத் தெரிந்தால்தானே வரன் அமையும் என்று மதினி கேட்டார்கள். நியாயம்தான். நட்சத்திரம், படிப்பு, ஊர் ஆகியவற்றை மட்டும் முதலில் அனுப்பலாமே. படமும் முகவரியும் பொருத்தம் பார்த்துக் கேட்பவர்களுக்குப் போதும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் தனிப்பட்ட அல்லது வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நம் சித்தப்பா ஃபார்வர்டு செய்யும் ஜாதகத்தை அது தொடாது. அது சரியும்கூட, குடும்பக் குழுவுக்குள் அரசாங்கம் வர வேண்டாம். அதனால்தான் ஒருவரையொருவர் கேட்டுச் செய்யும் பழக்கம் நமக்கு வேண்டும் என்கிறேன்.

2023 டிசம்பரில் நம் தென் மாவட்டங்களில் வந்த வெள்ளத்தில் முகவரியும் எண்ணும் இருப்பிடமும் கைக்குக் கை பரவியதால்தான் பலருக்குப் படகும் சோறும் போய்ச் சேர்ந்தன. அப்போது அதுதான் சரி. தண்ணீர் வடிந்த பிறகும் அந்தப் பட்டியல்கள் குழுக்களில் ஏன் கிடக்க வேண்டும்?

ஆதார் இணையதளத்திலேயே முதல் எட்டு இலக்கங்களை மறைத்த பிரதியை இறக்கிக்கொள்ளலாம். அது போதுமான இடங்களில் அதையே கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கும் பார்த்துக் கொடுங்கள்.

கடை நடத்தும் நண்பர்கள், ஷட்டரை இறக்கும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுங்கள். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கேட்டேன். முகம் சுளிக்காமல் என் கண் முன்னாலேயே அழித்தார். ஜாதகக் குழு நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் சொச்சம் போனால் எல்லோருக்குமாக அழிக்க முடியாது. ஆகவே ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்ததும், அவள் விவரத்தை அவரவர் கைபேசியிலிருந்து நீக்கச் சொல்லிக் குழுவில் எழுதுங்கள். உங்கள் கைபேசியிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.