எந்த வாந்திக்கு எந்த மருந்து?
எல்லா வாந்திக்கும் ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி தடுப்பு மருந்தே போதும் என்ற தொனி, வாந்தி மருந்துகள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் தெரிகிறது. அதை ஏற்க முடியவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாந்திக்கும் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையால் வரும் வாந்திக்கும் அது அருமையான மருந்துதான். ஆனால் மயக்க மருந்தோடு ஏற்கெனவே 4 மி.கி. கொடுத்த நோயாளி ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், அதையே திரும்பப் போடுவதில் பலன் குறைவு. வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்தவர்களுக்கு ஒண்டான்செட்ரானால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி (இதயத்தின் மின் இயக்கத்தைக் காட்டும் ஓர் அளவு) நீளும் அபாயமும் உண்டு. வாந்தியாலேயே பொட்டாசியம் இறங்கும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு வாந்தி மருந்தான மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி. ஊசியைக் குறைந்தது மூன்று நிமிடமாவது எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். சட்டென்று தள்ளினால் நோயாளி படுக்கையில் இருக்க முடியாமல் தவிப்பார், எழுந்து ஓடப் பார்ப்பார். அதைப் பதற்றம் என்று எழுதிவிடுகிறார்கள்! இளம் வயதினருக்குக் கழுத்து திருகி, கண் மேலே செருகினால் அது வலிப்பு அல்ல, இந்த மருந்தின் விளைவாக இருக்கலாம். குடல் அடைப்பிலும் பார்க்கின்சன் நோயிலும் இதைத் தொடவே கூடாது.

வாந்தியைத் தடுக்கவும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோனை விழித்திருப்பவருக்கு வேகமாகப் போட்டால் பிறப்புறுப்புப் பகுதியில் கடும் எரிச்சல் வரும். நீர்த்துக் கொடுங்கள். மற்றொரு வாந்தி மருந்தான ப்ரோமெத்தசின், ஊசி போடும் ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் திசுவே அழுகலாம்.

மருந்து வரும்வரை, ஊசி போடும் இடத்தைத் துடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பஞ்சை மூக்கருகே பிடித்து ஆழமாக முகரச் சொன்னாலே குமட்டல் தணிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.