கொழுப்பு விஷம் இல்லை

அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். "கொழுப்பு மெல்லக் கொல்லும் விஷம், குழந்தையின் தட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விழக் கூடாது" என்று அதில் பேசுகிறவர் சொன்னதும் அரங்கமே கைதட்டுகிறது. வீடியோவுக்குக் கீழே, அது சரியில்லை என்று நான் நாலு வரி எழுதினேன். வந்த முதல் பதில், "உனக்குத்தான் கொழுப்பு." அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கொழுப்பு விஷம் இல்லை. கிளிசரால் என்ற சின்ன மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் மாட்டியிருந்தால் அது டிரைகிளிசரைடு, அவ்வளவுதான். சங்கிலிகள் நேராக இருந்தால் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு கட்டியாக நிற்கும். அது நிறைவுற்ற கொழுப்பு. நடுவே இரட்டைப் பிணைப்பு வந்து சங்கிலி வளைந்துவிட்டால் அடுக்க வராது, எண்ணெயாக ஓடும். நேராக நிற்கும் ஸ்டியரிக் அமிலம், வளைந்த ஒலியிக் அமிலம், இந்த இரண்டு கொழுப்பு அமிலங்களிலும் 18 கார்பன்தான். முன்னது உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும், பின்னது 13 டிகிரிக்கே உருகிவிடும். ஒரே ஒரு வளைவு செய்கிற வேலை! இத்தனை வகை இருக்கிற ஒன்றை மொத்தமாக விஷம் என்றால் எப்படி?

என் மகளுக்கு ஒன்றரை வயதில் நானும் இப்படி ஒரு பேச்சைக் கேட்டு நம்பினேன். எண்ணெய், வெண்ணெய் எல்லாம் நிறுத்தினேன். நான்கு மாதம் எடை அட்டையில் புள்ளிகள் மேலே ஏறவே இல்லை, அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி கிடந்தன. டாக்டர் அம்மா திட்டவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பி டிரைகிளிசரைடை மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி வரைந்து, "இதைத்தானே நிறுத்தினீங்க? தாய்ப்பாலோட சக்தியில ஏறக்குறைய பாதி இதுலேர்ந்துதான் வருது" என்றார். குழந்தைக்கு வயிறு சின்னது, கொஞ்சம் சாப்பாட்டில் நிறைய சக்தி வேண்டும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுத்ததும் தேறின. அதையும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலத்தையும் நம் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பிட்டே ஆகவேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும். ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அடிப்படை லிப்பிட், அதாவது கொழுப்பு வகைப் பொருள்தான். மறுபடி சொல்கிறேன், விஷம் இல்லை.

"இதய நோயாளியிடம் இதைச் சொல்வாயா?" என்பீர்கள். சரி, சொல்லமாட்டேன். அவருக்கு அவருடைய டாக்டர் சொல்வதுதான். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும், தெரியும். ஆலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை ஒழிக்கச் சொல்லி 2018இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டது, நானும் அதையேதான் கேட்கிறேன். ஆனால் பெரியவர்களுக்கு எல்லாக் கொழுப்பும் சேர்த்து அதே நிறுவனம் சொல்லும் வரம்பு மொத்த சக்தியில் 30 சதவீதம். பூஜ்ஜியம் இல்லையே!

"எண்ணெய் கம்பெனியிடம் காசு வாங்கினாயா?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் சொல்ல மனசு வரவில்லை.

கொழுப்பு என்ற சொல்லையே வசவாக்கி வைத்திருக்கிறோம். உடம்பு பருத்தால் கொழுப்பு, எதிர்த்துப் பேசினால் கொழுப்பு, பெண் கேள்வி கேட்டால் கட்டாயம் கொழுப்பு. பள்ளிக்கூடத்தில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, "குண்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். என் மகளுக்கு அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்றுதான் அன்று எண்ணெயை நிறுத்தினேன். டாக்டர் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வீடியோவைப் பார்த்த யாராவது இதைப் படித்தால், எதையும் நிறுத்துவதற்கு முன்னால் எடை அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரைப் பாருங்கள். அங்கே நான் எழுதிய நாலு வரியை நீக்கப்போவதில்லை.