அஞ்சு வருஷமா பூனைக்கு சூடு போட்டேன்

நேத்து ஒரு தம்பி என்கிட்ட வந்து சொல்றான், "அண்ணே, பெர்ஃபாமன்ஸ் கார் எல்லாம் பணத்திமிர் பிடிச்சவன் வாங்குறது, நம்ம சின்ன வண்டியை எடுத்து பாதி காசுல நாலு மாட் (மாடிஃபிகேஷன்) போட்டா அதையே தூக்கி சாப்பிட்டுடும்"னு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். அவன் மேல இல்ல, பாவம் அவன் சின்னப்பையன். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே டயலாக்கை நான்தான் பாக்குறவன்கிட்ட எல்லாம் அளந்துட்டு திரிஞ்சேன். அதுக்கு நான் கட்டின கட்டணம் என்னன்னு இன்னைக்கு கொட்டித் தீர்த்துடுறேன், மனசுல வச்சிருந்தா பிபிதான் ஏறுது.

என் வண்டி ஒரு சாதா ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கி திணிக்கிற டர்போ கிடையாது, பேப்பர்ல 86 குதிரைசக்தி. பின்னாடி டிஸ்க் இல்ல, சாதா ட்ரம் பிரேக், டார்ஷன் பீம்னு ஒரு சிம்பிளான சஸ்பென்ஷன். நல்ல வண்டி. காய்கறி வாங்க, ஆபிஸ் போக, மழையில நனையாம வீடு வந்து சேர, அதுக்கு மேல அதுகிட்ட ஒண்ணும் எதிர்பார்க்கக்கூடாது, அதுவும் ஒண்ணும் தர்றேன்னு சொல்லல. நான்தான் அதை விடல.

முதல்ல ஏர் ஃபில்டர். எல்லாருக்கும் வியாதி அங்கதான் ஆரம்பிக்கும். கம்பெனிக்காரன் வச்ச பிளாஸ்டிக் டப்பாவை கழட்டி எறிஞ்சுட்டு பளபளன்னு ஒரு கோன் ஃபில்டர். அந்த டப்பா எதுக்கு இருந்துச்சுன்னா வெளிய இருந்து குளிர்ந்த காத்தை இழுக்க. இப்ப என் புது ஃபில்டர் என்ன பண்ணுது, போனட்டுக்குள்ள வெந்துட்டு இருக்குற காத்தை இழுக்குது. உள்ள போற காத்து 30 டிகிரி சூடு கூடினா அதோட அடர்த்தி ஒம்போது பத்து சதவீதம் குறையும், பவரும் கூடவே போகும். ஆனா ஆக்சிலரேட்டரை மிதிச்சா "ஹூஷ்"னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த சத்தத்துல மயங்கி பிக்கப் ஏறிடுச்சுன்னு ரெண்டு மாசம் நம்பினேன். அப்புறம் சைலன்சர். அதுக்கப்புறம் ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்துறது. டர்போ இல்லாத இன்ஜினுக்கு ரீமேப் பண்றது ஏற்கனவே பிழிஞ்ச துணியை மறுபடி பிழியற மாதிரி, நாலு சொட்டு வரும். அந்த நாலு சொட்டுக்கு ஒரு லேப்டாப், ஒரு வயர், ஒருத்தரோட பயங்கர சீரியஸான மூஞ்சி, ஒரு பில்.

இதெல்லாம் முடிச்சுட்டு டைனோல, பவர் அளக்குற மெஷின்ல, ஏத்தினேன். மாட் எதுவும் போடாதப்ப சக்கரத்துல 74. எல்லாம் போட்டப்புறம் 79. அஞ்சு குதிரை! அந்த அஞ்சு குதிரைக்காக பக்கத்து வீட்டு குழந்தை தினமும் காலைல அலறி எழுந்துட்டு இருந்துச்சு.

அங்கயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தினேனா? 14 இன்ச் சக்கரத்தை கழட்டிட்டு 17 இன்ச் அலாய் போட்டேன். பார்க்க சூப்பர். ஆனா கனம் கூடின சக்கரத்தை சுத்தவே தனியா பவர் வேணும், அந்த கனம் வேற சஸ்பென்ஷனுக்கு கீழ தொங்குது, அதனால சம்பாதிச்ச அஞ்சு குதிரையும் அங்க போச்சு, வண்டி முன்னைவிட மந்தமா ஆயிடுச்சு. அடுத்து வண்டி உயரத்தை தாழ்த்துற ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் மட்டும் பழசு, ஏன்னா அதுக்கு காசு இல்ல. ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு, ஷாக்கால அதை அடக்க முடியல, குழியில இறங்கினா சஸ்பென்ஷன் கடைசில இருக்குற ரப்பர் கட்டையில (பம்ப் ஸ்டாப்) போய் டங்குன்னு உக்காரும். வளைவுல ஒரு மேடு வந்தா ஸ்டீயரிங் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் இழுக்கும். பின் சீட்ல உக்காந்த அம்மா ஒரு தடவை கேட்டாங்க, "வண்டி ரிப்பேராப்பா?"ன்னு. இல்லம்மா, இது ஸ்போர்ட்ஸ் செட்டிங்.

சரி இப்ப பெரிய பாவத்துக்கு வர்றேன். டர்போ கிட்.

டர்போ இல்லாம செஞ்ச இன்ஜின்ல கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காத்தை அமுக்குற அளவு, அதிகமா இருக்கும், என்னோடது பத்துக்கும் மேல. அதுக்குள்ள இன்னும் காத்தை அமுக்கி திணிச்சா பெட்ரோல் நேரம் பார்க்காம தன்னால வெடிக்கும், அதுதான் நாக்கிங், பிஸ்டனை தின்னுடும். அதனால டர்போ திணிக்கிற அழுத்தம் (பூஸ்ட்) 0.4 பாருக்கு மேல போகாதீங்க, ஸ்பார்க் அடிக்கிற நேரத்தையும் கொஞ்சம் பின்னாடி தள்ளிடுறேன்னு ட்யூனர், அதான் இந்த செட்டிங் எல்லாம் பண்றவர், சொன்னார். சரின்னேன். அந்த காத்துக்கு தகுந்த பெட்ரோல் வேணும், பழைய இன்ஜெக்டர் பத்தல, மாத்து. பெட்ரோல் பம்ப், மாத்து. வந்த டார்க்கை, அதாவது இன்ஜினோட திருகு பலத்தை, க்ளட்ச் தாங்கல, மூணாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) மட்டும் ஏறுது வண்டி வேகம் ஏறல, க்ளட்ச் மாத்து. கெட்டி க்ளட்ச் போட்டதும் அது தாங்குற அடி எல்லாம் நேரா கியர்பாக்ஸுக்கு போச்சு, எட்டு மாசத்துல மூணாவது கியர் பல்லு காலி. கியர்பாக்ஸ் முடிஞ்சா ட்ரைவ் ஷாஃப்ட். ரெண்டு சக்கரத்துக்கும் பவரை பிரிச்சு விடுற டிஃபரன்ஷியல் சாதாங்கறதால ஒரு சக்கரம் சும்மா சுத்தி புகை விடுது, இன்னொண்ணு வேடிக்கை பார்க்குது. நடுவுல இன்ஜின் ஹெட்டுக்கு கீழ இருக்குற கேஸ்கெட் வேற போய் ரேடியேட்டர்ல குமிழி குமிழியா வந்த கதை தனி. ஒரு இடத்துல பலம் கொடுத்தா அதுக்கு அடுத்தது உடையும், அதை சரி பண்ணா அதுக்கு அடுத்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்கள்ல, என் கணக்குல சுமைகூலி வண்டி விலையையே தாண்டி ஒண்ணரை மடங்கு போச்சு. பில் எல்லாம் ஒரு கவர்ல இருக்கு, கூட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான், ரெண்டாவது தடவை கூட்ட தைரியம் வரல.

கடைசில சக்கரத்துல 108. நூத்தி எட்டு! நான் என்னமோ விமானம் செஞ்ச மாதிரி அந்த டைனோ பேப்பரை மடிச்சு பர்ஸ்ல வச்சிருந்தேன்.

அதோட ஒரு ட்ராக் டே, அதாவது ரேஸ் ட்ராக்ல சொந்த வண்டியை ஓட்டுற நாளுக்கு, போனேன். கூட வந்த நண்பன்கிட்ட பத்து வருஷம் பழசான ஒரு ஹாட் ஹேட்ச் (கம்பெனியே வேகத்துக்காக செஞ்ச ஹேட்ச்பேக்), செகண்ட் ஹேண்ட், கம்பெனிலயே 200 குதிரையோட வந்தது, ஒரு போல்ட் கூட மாத்தாதது. அவன் ஏசி போட்டுக்கிட்டு பாட்டு கேட்டுக்கிட்டு ஓட்டுறான். நான் ரெண்டு லேப் அவன் பின்னாடியே ஒட்டிக்கிட்டு போனேன், மூணாவது லேப்ல நேர்ரோடு முடிஞ்சு பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் மெத்தையில கால் வச்ச மாதிரி தரை வரைக்கும் போகுது. எப்படி நின்னேன்னு எனக்கே தெரியல, மணல்ல போய் நின்னேன்.

காரணம் என்ன தெரியுமா, பிரேக் ஆயில் கொதிச்சுடுச்சு. டாட் 4ங்கற வகை பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஆனா அது காத்துல இருக்குற ஈரத்தை குடிச்சுக்கிட்டே இருக்கும், ஈரம் ஏறினா அந்த வரம்பு 155க்கு வந்துடும். என்னோடது மூணு வருஷம் மாத்தாத ஆயில். 100ல போற வண்டியை நிறுத்துறதைவிட 140ல போற வண்டியை நிறுத்த கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சூட்டை பிரேக் முழுங்கணும், வேகம் நாப்பது சதவீதம்தான் கூடுச்சு, சூடு டபுள். டர்போவுக்கு அவ்ளோ கொட்டின நான் பிரேக் ஆயிலுக்கு ஒரு பாட்டில் வாங்கல. ஏன்னா பிரேக் ஆயில் சத்தம் போடாது, போனட்டை தொறந்து காட்டி பீத்திக்க முடியாது. இதை எழுதும்போது என்னை நானே அறையணும் போல இருக்கு.

நண்பன் அன்னைக்கு 20 லேப் ஓட்டிட்டு அதே வண்டியில ஏசி போட்டுக்கிட்டு வீட்டுக்கு போனான். நான் டோ ட்ரக்குல.

"ஹார்ஸ்பவர் இவ்ளோ, விலை இவ்ளோ"ன்னு வகுத்து பார்த்து மாடிஃபை பண்றதுதான் லாபம்ங்கறானுங்க பாருங்க, அவனுங்களுக்கு ஒண்ணு கேக்குறேன். டொயோட்டாகாரனே 2020ல சாதா யாரிஸை வேகமான வண்டியா ஆக்கணும்னு நினைச்சப்ப என்ன பண்ணான்? டர்போவை மட்டும் ஒட்டினானா? ஜிஆர் யாரிஸுக்கு புதுசா 1.6 லிட்டர் மூணு சிலிண்டர் இன்ஜின், 261 குதிரை, நாலு சக்கரத்துக்கும் பவர், முன்னாடி 356 மில்லிமீட்டர் டிஸ்க், கார்பன் ஃபைபர் கலந்த கூரை, அலுமினியம் கதவு. வண்டியோட பின் பாதிக்கு பெரிய கார் பிளாட்ஃபார்மை கொண்டு வந்து ஒட்டினான்யா! முன்பாதி ஒரு வண்டி பின்பாதி ஒரு வண்டி. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே சின்ன வண்டியோட எலும்புக்கூடு பத்தலன்னா, என் 1.2க்கும் ஒரு ஸ்பேனர் செட்டுக்கும் எப்படிய்யா பத்தும்?

ஹோண்டா 1997ல சிவிக் டைப் ஆர் விட்டான். டர்போ இல்லாம 1.6 லிட்டர்ல 185 குதிரை, அதுவும் 8200 ஆர்பிஎம்ல. சிவிக் தானே, நம்ம சிவிக்குக்கும் அதே ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்னு உலகம் பூரா ஒட்டினானுங்க. ஸ்டிக்கருக்கு கீழ பாடில வெல்டிங் கூட்டினது, ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தாம தடுக்குற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வச்சது, இன்ஜின் ஹெட்ல காத்து போற வழியை (போர்ட்) எல்லாம் தேய்ச்சு சரி பண்ணது இதெல்லாம் எவனுக்கு தெரியும். ஆர்பிஎம் ஏத்துறதுன்னா சும்மாவா? 6500ல சுத்துறதை 7500க்கு ஏத்தினா பிஸ்டனை பிடிச்சிருக்குற கனெக்டிங் ராட் மேல விழுற இழுப்பு மூணுல ஒரு பங்கு கூடிடும். ஆர்பிஎம் வரம்பை (லிமிட்டர்) தூக்குறது லேப்டாப்ல ஒரு நம்பர் மாத்துற வேலை, ராடுக்கு அது தெரியாதே.

"அப்ப மினி கூப்பர்?"னு ஒருத்தன் வருவான், வரட்டும். 1959ல வந்த மினி 848 சிசி, 34 குதிரை, நிஜமாவே ஏழை வீட்டு வண்டி. 1961ல கூப்பர் ஆனப்ப 997 சிசி, 55 குதிரை. அப்புறம் அதோட அடுத்த வடிவமான கூப்பர் எஸ் 1964ல மான்டி கார்லோ ராலியே ஜெயிச்சுது. ஆனா அந்த 55 குதிரையோட கூடவே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வந்துச்சுங்கறதை யாரும் சொல்ல மாட்டானுங்க. வெறும் 21 குதிரை கூட்டினதுக்கே அவங்க பிரேக்கை மாத்தினாங்க. நான் 34 கூட்டிட்டு பின்னாடி ட்ரம்மோட, செத்துப்போன ஆயிலோட சுத்தினேன்.

இதுக்காக ஒரிஜினல் பெர்ஃபாமன்ஸ் கார் வாங்கினவன் எல்லாம் புத்திசாலின்னு நான் சொல்லல. பழசாகி விலை இறங்கின போர்ஷே 996 வாங்கிட்டு இன்ஜினுக்குள்ள இருக்குற ஐஎம்எஸ் பேரிங் எப்ப புட்டுக்குமோன்னு தூக்கம் போனவன், பிஎம்டபிள்யூ இ46 எம்3 வாங்கிட்டு பின்பக்க ஃப்ளோர்ல விரிசல் விழுந்திருக்கான்னு குனிஞ்சு டார்ச் அடிச்சு பார்க்குறவன், அவங்க கஷ்டம் அவங்களுக்கு. வண்டி விலைதான் இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது. 500 குதிரை வாங்கி சிக்னலுக்கு சிக்னல் உறுமிட்டு நிக்கிறவனைப் பார்த்தாலும் எனக்கு எரியும், அது வேற எரிச்சல், இன்னொரு நாள் பேசலாம்.

"ஸ்லோ வண்டியை வேகமா ஓட்டுறதுலதான் கிக்கே"ன்னும் சொல்லுவாங்க. நூத்துக்கு நூறு ஒத்துக்குறேன்! 1989ல மாஸ்டா எம்எக்ஸ்-5 விட்டான், 1.6 லிட்டர், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 115 குதிரை சொச்சம்தான். நேர்ரோட்ல அதை எவன் வேணா முந்துவான், வளைவுல அது சிரிக்க வைக்கும். அதுக்கு கம்பெனில உக்காந்து யோசிச்சான், பின்சக்கர ட்ரைவ், நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், எடை எங்க உக்காரணும்னு கணக்கு. கிக்கு வேணும்னா அப்படி ஒண்ணை எடுத்து அப்படியே ஓட்டு. இல்ல உன் சாதா வண்டிக்கே நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புது ஆயில் போட்டு ஓட்டு, அதுல ஒரு தப்பும் இல்ல. ஞாயித்துக்கிழமை கையில கிரீஸ் ஆக்கிக்கிட்டு எதையாவது கழட்டி மாட்டுறது சந்தோஷம்னா தாராளமா பண்ணு, நானே பண்ணுவேன், அது பொழுதுபோக்கு. "பாதி காசுல அதே பெர்ஃபாமன்ஸ்"னு கணக்கு மட்டும் சொல்லாத. அந்த கணக்கு பொய். மாட் போடுறதுக்கு அந்த ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ன்னு படிக்கட்டு மாதிரி பேர் வச்சான் பாரு, எந்த மகராசன்னு தெரியல. படிக்கட்டுன்னா மேல ஒரு வீடாவது இருக்கணும்ல? இன்சூரன்ஸ் கதை கேக்காதீங்க, டர்போ போட்டதை சொல்லாம விட்டேன், கேஸ்கெட் போன நாள்ல இருந்து ஒவ்வொரு சின்ன உரசலுக்கும் இன்சூரன்ஸ்காரனுங்க கண்டுபிடிச்சா என்ன ஆகும்னு வயித்துல புளி கரைச்சுது.

இப்ப வண்டியை விக்கலாம்னு பார்க்குறேன். போன் பண்றவன் எல்லாம் முதல் கேள்வி, "வண்டி ஸ்டாக்கா சார்?", அதாவது கம்பெனில வந்தபடியே இருக்கான்னு. மாட் போட்டதுன்னு சொன்னா "ஓ, சரி சார், வீட்ல கேட்டுட்டு சொல்றேன்". ஒருத்தனாவது கொட்டின காசுல கால்வாசி தருவான்னு பார்த்தா, மாட் போட்டதுக்கு விலையை குறைக்கிறானுங்க. அதனால இப்ப என்ன பண்றேன் தெரியுமா, அஞ்சு வருஷம் முன்னாடி இளக்காரமா தூக்கி எறிஞ்ச அதே ஸ்பிரிங், அதே 14 இன்ச் சக்கரம், அதே பிளாஸ்டிக் ஃபில்டர் டப்பா, இதை எல்லாம் பழைய சாமான் கடை கடையா ஏறி காசு கொடுத்து தேடி வாங்கிட்டு இருக்கேன். டப்பாவுக்கு ஒரு கிளிப் மட்டும் கிடைக்கல, கம்பி வச்சு கட்டியிருக்கேன்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். வண்டியை ஒரு சுத்து சுத்தி பார்த்தான், ஸ்டார்ட் பண்ண சொன்னான், காதை வச்சு கேட்டான். அப்புறம் மெதுவா, "வண்டி வேணாம்ணே, என்கிட்டயே இதே மாடல் இருக்கு. அந்த டர்போ கிட்டை மட்டும் தனியா தருவீங்களா?"ன்னான். உக்கார வச்சு, க்ளட்ச்ல ஆரம்பிச்சு மணல் வரைக்கும், பில் கவர் உட்பட எல்லாத்தையும் அரை மணி நேரம் எடுத்து சொன்னேன். தலையை தலையை ஆட்டி கேட்டான். எல்லாம் முடிஞ்சதும் சொல்றான், "உங்களுக்கு ட்யூனர் சரியா அமையலண்ணே."