எட்வின் ஜாக்சனின் பதினான்கு சட்டைகள்

சில நாட்களுக்கு முன்பு பேச்சு பேஸ்பால் பக்கம் திரும்பியபோது, எட்வின் ஜாக்சனின் பெயரைக் கேட்டதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "பதினாலு டீம் துரத்திவிட்ட ஆளைப் பத்தி இவ்வளவு நேரம் என்ன பேச்சு?" என்றார். நான் அப்போது மறுத்துப் பேசவில்லை. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் முப்பது அணிகள் உள்ளன. 2003 முதல் 2019 வரை ஆடிய எட்வின் ஜாக்சன் என்ற பந்து வீச்சாளர், அவற்றில் பதினான்கு அணிகளின் சட்டையை அணிந்தவர். அவருக்கு முன் ஒருவரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. இப்படி அணி அணியாகப் போகிறவரை அங்கே 'ஜர்னிமேன்' என்பார்கள். ஊர் சுற்றுகிறவர் என்று பொருள் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் அந்தச் சொல்லுக்கும் பயணத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒரு நாள் வேலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. தொழிலைக் கற்று முடித்துவிட்டாலும் சொந்தப் பட்டறை இல்லாததால் இன்னொருவரின் பட்டறையில் நாட்கூலிக்கு உழைக்கும் கைவினைஞரே ஜர்னிமேன். ஜாக்சனுக்கு இந்தப் பழைய பொருள்தான் மிகச் சரியாகப் பொருந்துகிறது. எத்தனை ஊர் போனார் என்பதைவிட, எந்தப் பட்டறையிலும் அவருக்கு ஓர் உரிமை உண்டாகவில்லை என்பதே அவர் கதையின் சாரம்.

அவருடைய தந்தை அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்தவர். அதனால் ஜாக்சன் பிறந்தது 1983இல், ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில். ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பள்ளியை முடித்தவரை 2001இல், அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டின் ஆறாவது சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி தேர்வு செய்தது. 2003 செப்டம்பர் 9ஆம் தேதி, தன் இருபதாவது பிறந்தநாளன்று, மேஜர் லீகில் முதல் பந்தை வீசினார். எதிரணியில் வீசியவர் அந்தத் தலைமுறையின் ஆகப் பெரிய இடக்கை வீச்சாளரான ராண்டி ஜான்சன். வென்றது ஜாக்சன். அடுத்த ஆண்டு வெளியான இளம் வீரர் பட்டியல்களில் அவர் பெயர் முன்வரிசையில் இருந்தது. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வியை ஒரு வீச்சாளரின் பெயரிலும் எழுதுவார்கள். அவர் மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. எதிரணியில் மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஓர் இன்னிங்ஸ் முடியும்; ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 4.78. இது சிறந்த வீச்சாளரின் எண் அல்ல. நடுத்தரத்துக்கும் சற்றுக் கீழே என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் இத்தனை அணிகள் அவரை ஏன் கேட்டு வாங்கின என்பதுதான் கேள்வி. ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒன்பது இன்னிங்ஸ். ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸை யாராவது வீசித்தான் தீர வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து வீச்சாளர்களில் இரண்டு பேருக்காவது தோளோ முழங்கையோ பழுதாகும் தொழில் இது. ஜாக்சன் 2007 முதல் 2013 வரை ஏழு ஆண்டுகளும், ஆண்டுக்கு முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கினார். மணிக்கு 95 மைல் வேகத்தில் வீசும் கை, ஐந்து நாளுக்கொரு முறை தவறாமல், வீச்சாளர் நின்று வீசும் மண் மேட்டில் ஏறி நின்றது. முறை தவறாமல் வேலைக்கு வருகிறவரின் அருமை, அவர் வராத நாளில்தான் முதலாளிக்குத் தெரியும். அணி மேலாளர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. ரசிகர்களுக்குத்தான் தெரியவில்லை.

துரத்திவிட்டார்கள் என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். மேஜர் லீகில் ஒரு வீரர் ஆறு ஆண்டு சேவை முடிக்கும்வரை, தான் எந்த அணிக்கு ஆடுவது என்பதில் அவருக்குப் பேச்சே கிடையாது. அணி விரும்பினால் வைத்துக்கொள்ளும், விரும்பினால் மாற்றிக்கொள்ளும். 2006 தொடக்கத்திலிருந்து 2011 ஜூலை வரை ஜாக்சன் ஆறு முறை கைமாற்றப்பட்டார். டாட்ஜர்ஸிலிருந்து டாம்பா பே, அங்கிருந்து டெட்ராய்ட், பிறகு அரிசோனா, அதன்பின் சிகாகோ வைட் சாக்ஸ். ஐந்தாவதும் ஆறாவதும் 2011 ஜூலை 27 அன்று ஒரே நாளில் நடந்தன. சிகாகோவிலிருந்து டொரோண்டோவுக்கு மாற்றப்பட்டு, அங்கே ஒரு பந்துகூட வீசாமல் சில மணி நேரத்தில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மாற்றப்பட்டார். அந்த இரண்டாவது பேரத்தில் அவருடன் போன இன்னொரு வீச்சாளர் ஆக்டாவியோ டோடெல். அடுத்த ஆண்டு பதின்மூன்றாவது அணியில் சேர்ந்து, அதிக அணிகளுக்கு ஆடியவர் என்ற சாதனையைப் படைத்தவர் அவர்தான். பின்னாளில் அதை முறியடித்தவர் ஜாக்சன். சாதனையாளரும் அவரை வெல்லப் போகிறவரும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு ஒரே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கூடவே சற்று எரிச்சலும் வரும்.

இந்த ஆறு பேரங்களிலும் அவரை வாங்கிய அணி பதிலுக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறது. பயனில்லாதவருக்காக யாரும் தன் வீரரை விட்டுக்கொடுப்பதில்லை. 2009இல் டெட்ராய்டுக்கு ஆடி, அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வான அதே ஆண்டின் இறுதியில்தான் அவர் அரிசோனாவுக்கு மாற்றப்பட்டார். அந்த மூன்று அணிப் பேரத்தில் டெட்ராய்டுக்கு வந்து சேர்ந்தவர் மேக்ஸ் ஷெர்சர் என்ற வீச்சாளர். பின்னாளில் ஷெர்சர் எட்டிய உயரத்தைக் காட்டி ஜாக்சனை எள்ளுகிறவர்களுக்கு, அன்றைய நிலையில் ஷெர்சரைக் கொடுத்தும் பெறத் தக்கவராகவே அரிசோனா ஜாக்சனை மதித்தது என்பது மறந்துவிடுகிறது.

அவருடைய தொழில் வாழ்க்கையில் என் நினைவைவிட்டு அகலாத நாள் 2010 ஜூன் 25. டாம்பா பே அணியின் மைதானம். அவருடைய பழைய வீடு. முதல் மூன்று இன்னிங்ஸில் மட்டும் ஏழு பேருக்கு 'வாக்' கொடுத்தார். அதாவது, அடிக்கத்தக்க இடத்தில் பந்து போடாமல் ஏழு பேட்டர்களை இலவசமாக முதல் தளத்துக்கு நடக்க விட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரும் அவுட் ஆகாத நிலையில் மூன்று தளங்களும் நிரம்பின. எந்த நாளிலும் ஒரு மேலாளர் அந்த இடத்தில் வீச்சாளரை மாற்றுவதற்கு எழுந்திருப்பார். ஜாக்சன் ஓர் ஓட்டமும் கொடுக்காமல் அதிலிருந்து வெளியே வந்தார். அதன் பிறகுதான் கவனித்தார்கள், எதிரணிக்கு இன்னும் ஓர் 'ஹிட்' கூடக் கிடைக்கவில்லை, அதாவது பந்தை அடித்துத் தளம் ஏறியவர் ஒருவரும் இல்லை. சாதாரணமாக நூறு பந்தோடு ஒருவரை நிறுத்திவிடும் காலத்தில் அவர் 149 பந்துகள் வீசினார். எட்டு வாக், ஒருவர் உடம்பில் பந்து பட்டுத் தளம் ஏறினார், ஒரு ஃபீல்டிங் பிழையும் நடந்தது. ஆனால் ஹிட் ஒன்றுமில்லை, ஓட்டமும் இல்லை. ஆடம் லாரோஷ் எல்லைக்கு வெளியே அடித்த ஒரே ஹோம் ரன்னால் அரிசோனா 1-0 என்று வென்றது. இப்படி ஹிட்டே கொடுக்காமல் முடியும் ஆட்டத்தை 'நோ-ஹிட்டர்' என்பார்கள். நான் பார்த்த நோ-ஹிட்டர்களிலேயே அழகற்றது இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். மேதைகளின் நோ-ஹிட்டரில் எதிரணி மட்டும்தான் திணறும். இதில் வீசியவரும் ஒவ்வோர் இன்னிங்ஸிலும் திணறினார்.

அந்த 149 பந்துகளையும் வீச அனுமதித்த மேலாளர் ஏ. ஜே. ஹிஞ்ச் ஆறாவது நாள் வேலையை இழந்தார். ஜாக்சனோ அடுத்த மாதம் 30ஆம் தேதி, டேனியல் ஹட்சன் என்ற இளம் வீச்சாளருக்கும் இன்னொருவருக்கும் ஈடாகச் சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். ஓர் அணியின் வரலாற்றில் தன் பெயரைப் பொறித்த ஒருவர் அங்கே மேலும் ஐந்து வாரங்கள்தான் இருந்தார். மேலாளரின் முடிவை நான் ஆதரிக்கவில்லை. ஒருவரின் கையை ஒரே இரவில் அந்த அளவுக்குத் தேய்ப்பது பொறுப்பான செயல் அல்ல. சொந்தப் பட்டறையின் கருவியாக இருந்திருந்தால் இன்னும் கவனமாகக் கையாண்டிருப்பார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இனி நண்பரிடம் சொல்ல விரும்பிய முக்கியமான விஷயம். 1969இல் செயின்ட் லூயிஸ் அணி, தனக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற வீரரை அவரைக் கேட்காமலேயே ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். விரும்பியபடி வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து அல்ல என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதி, உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் 5-3 என்ற கணக்கில் தோற்றார். அந்தப் போராட்டத்தில் அவருடைய தொழிலே முடிந்துபோனது. ஆனால் அடுத்த ஆண்டே ஒரு விதி பிறந்தது. மேஜர் லீகில் பத்து ஆண்டு சேவை முடித்து, அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகளைத் தொடர்ந்து ஒரே அணியில் கழித்த வீரரை, அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாது. நல்ல விதிதான், இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் இந்த விதி யாருக்கு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளப்பட்டவருக்குத்தான், தொடர்ந்து அங்கேயே இருக்கும் உரிமை கிடைக்கிறது. யார் ஆண்டுதோறும் மாற்றப்படுகிறாரோ, யாருக்கு இந்தப் பாதுகாப்பு உண்மையிலேயே தேவையோ, அவர் அதை எட்டவே முடியாது. ஜாக்சனுக்குப் பத்து ஆண்டு சேவை இருந்தது. எந்த அணியிலும் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மட்டும் இல்லை. வீடு உள்ளவனுக்குத்தான் வீட்டு வரி ரசீது கிடைக்கும், ரசீது உள்ளவனுக்குத்தான் மற்ற எல்லாம் கிடைக்கும் என்பது போன்ற ஏற்பாடு இது. இப்படி ஓர் ஏற்பாட்டுக்குள் ஒருவரை வைத்துவிட்டு, அவர் எங்கும் நிலைக்காதவர் என்று குணச்சான்றிதழ் எழுதுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். 2011க்குப் பிறகு அவர் போன இடங்கள் பெரும்பாலும் அவரே கையெழுத்திட்டுப் போனவை. சிகாகோ கப்ஸ் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 52 மில்லியன் டாலர் ஒப்பந்தம் தந்தது. முதல் ஆண்டிலேயே 18 ஆட்டங்களில் தோற்றார். அந்த ஆண்டு, மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் வேறு யாரும் அத்தனை தோற்கவில்லை. ஒப்பந்தம் முடியுமுன்பே அவரை விடுவித்தார்கள். நாட்கூலிக்காரர் என்ற என் ஒப்புமை அந்த 52 மில்லியனுக்கு முன்னால் தடுமாறுகிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் அதன் பிறகு, மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீக் ஒப்பந்தங்களுக்கு இறங்கிவந்து, அழைப்புக்காகக் காத்திருந்து, மீண்டும் மீண்டும் மேலே வந்தவர் அவர். 2018இல் ஓக்லண்ட் அணிக்காக 17 ஆட்டங்களைத் தொடங்கி, 3.33 சராசரியோடு அது பிளே-ஆஃப் சுற்றை எட்ட உதவினார். 2019 மே 15 அன்று டொரோண்டோவுக்காக வீசியபோது அது பதினான்காவது அணி. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவரை வாங்கிச் சில மணி நேரத்தில் விற்ற அதே அணி. இந்த முறை ஓக்லண்ட் அவருக்குப் பதிலாகக் கேட்டது வீரரை அல்ல, பணத்தை மட்டுமே.

2011இல் கார்டினல்ஸ், மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். தொடரின் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கி, வழக்கம்போல ஏழு பேரை நடக்கவிட்டுத் தோற்றார் என்பது வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

2025 ஜூலை 22 அன்று, 45 வயதான ரிச் ஹில் என்ற வீச்சாளர் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் சட்டையில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மைதானத்தில் மேடேறினார். 2005இல் அவர் தொழில் தொடங்கியபோது அதுதான் அவருடைய சொந்த மைதானம். ராயல்ஸ் அவருக்குப் பதினான்காவது அணி. ஜாக்சனின் கணக்கை எட்டிவிட்டார். அந்த ஆட்டத்திலும் அடுத்த ஆட்டத்திலும் தோற்றார். மாதம் முடியும் முன்பே ராயல்ஸ் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. இருபது ஆண்டுகளில் அவருக்கும் ஓர் அணியில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அமையவில்லை.