தலைப்பு யாருக்கும் சொந்தமில்லை

பிரிட்டனின் சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு ரெக்கார்டுகளின்) தரவரிசைப் பட்டியலில் 1984 டிசம்பரில் 'தி பவர் ஆஃப் லவ்' என்ற பாட்டு முதலிடத்துக்கு வந்தது. 1985 அக்டோபரில் மறுபடியும் 'தி பவர் ஆஃப் லவ்' என்ற பாட்டே முதலிடத்துக்கு வந்தது. ஆனால் இரண்டும் ஒரே பாட்டு அல்ல. எழுதியவர்களும் பாடியவர்களும் வேறு, மெட்டும் வேறு. இவை இரண்டுக்கும் நடுவே, 1985 ஆகஸ்டில், அதே தலைப்பைத் தாங்கிய மூன்றாவது பாட்டு ஒன்று அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்து, பிரிட்டனிலும் 11-ஆம் இடம் வரை ஏறியது. இந்தச் செய்தியைச் சொன்னால், ஒருவர் பெயரை இன்னொருவர் திருடிவிட்டார் என்பார் சிலர். ஆங்கில பாப் இசைக்காரர்களுக்குக் கற்பனையே கிடையாது, காதல் என்ற சொல்லை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை என்பார் வேறு சிலர். இரண்டு தீர்ப்புமே அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் அந்த மூன்று பாட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டிசம்பரில் வென்றது லிவர்பூலைச் சேர்ந்த ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் குழுவின் பாட்டு. அந்த ஆண்டு அவர்கள் பிரிட்டனையே கலக்கிக்கொண்டிருந்தார்கள். 'ரிலாக்ஸ்' பாட்டை ஒலிபரப்ப பிபிசி தடை விதித்தது. தடைக்குப் பிறகும் அது முதலிடத்தில் ஐந்து வாரம் இருந்தது. அடுத்து வந்த 'டூ ட்ரைப்ஸ்', அணு ஆயுதப் போரைப் பற்றியது, ஒன்பது வாரம் இருந்தது. இப்படிப்பட்ட குழு மூன்றாவதாகக் கொடுத்தது, தயாரிப்பாளர் ட்ரெவர் ஹார்னின் கைவண்ணத்தில் தந்தி வாத்தியங்கள் அலையலையாக எழும், கிட்டத்தட்ட தேவாலயப் பாட்டைப் போன்ற, மெதுவான ஒரு பாட்டு. அதன் காணொலியில் இயேசு பிறப்பின் காட்சியைப் படமாக்கியிருந்தார்கள். முதல் மூன்று சிங்கிள்களுமே முதலிடம் என்ற சாதனையை அதற்கு முன் நிகழ்த்தியிருந்தவர்கள் 1963-இன் ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ், அவர்களும் லிவர்பூல்காரர்களே. ஃப்ராங்கி குழுவின் மூன்றாவது வெற்றியோ ஒரே வாரம்தான் நீடித்தது. அடுத்த வாரமே எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக எடுக்கப்பட்ட பேண்ட் எய்டு பாட்டு வந்து அதைக் கீழே தள்ளியது.

அமெரிக்காவில் வென்ற பாட்டு ஹுயி லூயிஸ் அண்ட் தி நியூஸ் குழுவுடையது. 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்துக்காக எழுதப்பட்ட துள்ளலான ராக் பாட்டு. படத்தில் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நடித்த மாணவன் தன் குழுவோடு பள்ளித் தேர்வில் இதே பாட்டை வாசிக்கத் தொடங்க, கண்ணாடி அணிந்த நடுவர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு சத்தம் அதிகம் என்று சொல்லி நிறுத்திவிடுவார். அந்த நடுவராக வருபவர் ஹுயி லூயிஸேதான். தன் பாட்டைத் தானே நிராகரிக்கும் அந்தக் குறும்புக்கும், முன் சொன்ன கிறிஸ்துமஸ் காணொலிக்கும் ஏதாவது உறவு உண்டா? தலைப்பைத் தவிர எதுவுமில்லை.

மூன்றாமவர் ஜெனிஃபர் ரஷ். நியூயார்க்கில் பிறந்தவர், ஜெர்மனியில், ஜெர்மன் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து இந்தப் பாட்டை எழுதிப் பதிவு செய்தார். 1985 கோடையில் பிரிட்டன் பட்டியலின் அடிமட்டத்தில் நுழைந்த இது, வாரக்கணக்கில் படிப்படியாக ஏறி, அக்டோபரில் உச்சிக்கு வந்து ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. அந்த ஆண்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிள் இதுவே. தனிப் பாடகி ஒருவரின் சிங்கிள் அங்கே பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியதும் இதுதான் முதல் தடவை. பாடியவரின் சொந்த நாடான அமெரிக்காவிலோ 57-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. காரணம் என்னவாக இருந்தாலும், பாட்டு மோசம் என்பது காரணமில்லை. 1994 பிப்ரவரியில் செலின் டியான் பாடி அதே பாட்டு அங்கே நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்கு முன் ஏர் சப்ளை குழுவும் லாரா பிரானிகனும் முயன்று பார்த்து, இருவராலும் முதல் பத்துக்குள் கூடக் கொண்டுவர முடியவில்லை.

1985 செப்டம்பர் வாக்கில் ஹுயி லூயிஸின் ரெக்கார்டும் ஜெனிஃபர் ரஷ்ஷின் ரெக்கார்டும் ஒரே நேரத்தில் பிரிட்டன் பட்டியலில் இருந்தன. கடையில் வந்து தலைப்பை மட்டும் சொல்லிக் கேட்டவருக்கு, எது வேண்டும் என்று விற்பனையாளர் திருப்பிக் கேட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் தரவரிசைக் கணக்கில் குழப்பம் வர வழியில்லை. 1983 தொடக்கத்திலிருந்து கேலப் நிறுவனம்தான் பட்டியலைத் தொகுத்தது. கடைகளில் வைக்கப்பட்ட சிறிய மின்னணுக் கருவியில், விற்ற ரெக்கார்டின் கேட்டலாக் எண்ணைத் தட்ட வேண்டும். தலைப்பு மனிதர்களுக்கு, எண் கணக்குக்கு என்ற பிரிவு அப்போதே வந்துவிட்டது. தலைப்பு ஒன்றாக இருப்பதால் ஒருவர் விற்பனையை இன்னொருவர் தின்றுவிடுவார் என்ற அச்சத்துக்கு இடமில்லாமல் போனது இதனால்தான்.

அடுத்து, திருட்டு என்ற குற்றச்சாட்டு. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பெயர்களையும் தலைப்புகளையும் சிறு சொற்றொடர்களையும் பதிப்புரிமைக்குள் கொண்டுவருவதே இல்லை. பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமையாளர் உண்டு, தலைப்புக்கு இல்லை. பிரான்சு போன்ற சில நாடுகளின் சட்டம், தனித்தன்மை உள்ள தலைப்பைக் காப்பாற்றுகிறது என்றாலும், அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் சொற்கோவையை அங்கேயும் ஒருவர் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. இது சட்டத்தின் ஓட்டை என்று நினைப்பவர்கள், இதற்கு மாறான நிலையை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1984-இல் லயனல் ரிச்சி 'ஹலோ' என்ற பாட்டோடு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றார் என்பதற்காக, 2015-இல் அடெல் தன் பாட்டுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று ஒரு பதிப்பாளர் வழக்குப் போட்டிருந்தால், தொலைபேசியை எடுத்ததும் எல்லாரும் சொல்லும் சொல் ஒரு நிறுவனத்தின் சொத்தாகியிருக்கும்.

கற்பனை வறட்சி என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம் திரைப்பாட்டைப் பெரும்பாலும் அதன் முதல் வரியைச் சொல்லியே அழைக்கிறோம். கூடவே படத்தின் பெயரையும் சொல்லிவிடுகிறோம். அதனால் பாட்டுக்குத் தலைப்பு என்ற தனிப்பொருள் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. மேற்கத்திய பாப் இசையில் தலைப்பு என்பது பெரும்பாலும் கோரஸில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வரி. வானொலியில் ஒரு முறை கேட்டவர் மறக்காமல் கடைக்குப் போய்க் கேட்க வேண்டிய வரி. எனவே அது எளிய சொற்களால் ஆனதாக, உரக்கப் பாட ஏதுவானதாக, எல்லாருக்கும் புரிவதாக இருந்தாக வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் பொருந்தும் சொற்கள் எந்த மொழியிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கும். அமெரிக்காவில் 'மை லவ்' என்ற தலைப்பில் 1966-இல் பெட்டுலா கிளார்க், 1973-இல் பால் மெக்கார்ட்னி, 2006-இல் ஜஸ்டின் டிம்பர்லேக் என மூன்று பேர் மூன்று வெவ்வேறு பாட்டுகளோடு முதலிடம் பெற்றிருக்கிறார்கள். 1990-இல் 'ஹோல்ட் ஆன்' என்ற பெயரில் வில்சன் ஃபிலிப்ஸ் முதலிடமும் என் வோக் இரண்டாமிடமும் பெற்றார்கள். இரண்டும் அந்த ஆண்டின் பெரிய வெற்றிகள். தலைப்பு பொதுவானது என்பதால் எந்தப் பாட்டும் இளைத்துப் போகவில்லை. புதுமை தலைப்பில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், அது மெட்டிலும் குரலிலும் இருப்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இந்த இடத்தில் பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரே தலைப்பில் வேறு வேறு பாட்டுகள் வருவது ஒன்று. ஒரே பாட்டைப் பலர் பாடுவது முற்றிலும் வேறு. 1950-களில் இரண்டாவதுதான் வழக்கமாக இருந்தது. ஒரு பாட்டு நன்றாக இருந்தால் ஒவ்வொரு ரெக்கார்டு நிறுவனமும் தன் பாடகரைக் கொண்டு அதைப் பாட வைத்துச் சந்தைக்கு அனுப்பும். 1953 டிசம்பரில் 'ஆன்சர் மீ' என்ற பாட்டை டேவிட் விட்ஃபீல்டும் ஃபிராங்கி லேனும் தனித்தனியே பாடி, ஒரு வாரம் பிரிட்டனின் முதலிடத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். 1955-இல் 'அன்செயின்டு மெலடி' நான்கு பேர் குரலில் ஒரே சமயத்தில் பட்டியலில் இருந்தது. அந்தத் தலைப்பே ஒரு விசித்திரம்: 'அன்செயின்டு' என்ற சிறைச்சாலைப் படத்துக்காக எழுதப்பட்டதால் வந்த பெயர், பாட்டின் வரிகளில் அந்தச் சொல் வரவே வராது. 1990-இல் 'கோஸ்ட்' படம் வெளிவந்தபின், ரைட்டியஸ் பிரதர்ஸ் 1965-இல் பாடிய பழைய பதிவும், அவர்களே புதிதாகப் பாடிய பதிவும் அமெரிக்காவின் முதல் இருபதுக்குள் ஒன்றாக இருந்தன. தலைப்பும் பாட்டும் பாடியவர்களும் ஒன்றே. பதிவு மட்டும் இரண்டு!

இரண்டு வகையும் கலந்து கிடக்கும் இடம் 'வீனஸ்'. 1959-இல் ஃபிராங்கி அவலான் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றது ஒரு பாட்டு. 1970-இல் ஷாக்கிங் ப்ளூ என்ற டச்சுக் குழு முதலிடம் பெற்றது வேறு பாட்டு. 1986-இல் பனானராமா முதலிடம் பெற்றது அந்த டச்சுக் குழுவின் பாட்டையே. ஆக, முதலிடம் மூன்று, பாட்டு இரண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை. கிரிக்கெட் புள்ளிவிவரம் சேர்ப்பவர்களிடமும் அதற்குப் பதில் இருக்காது.

தலைப்பு மோதலைத் தவிர்க்க விரும்பியவர்கள் கையாண்ட வழி அடைப்புக்குறி. 1984-இன் தொடக்கத்தில் வான் ஹேலன் குழுவின் 'ஜம்ப்' அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே பெயரில் பாட்டு வைத்திருந்த பாயின்டர் சிஸ்டர்ஸ், தங்கள் சிங்கிளின் தலைப்போடு 'ஃபார் மை லவ்' என்பதை அடைப்புக்குறிக்குள் சேர்த்து வெளியிட்டார்கள். அது மூன்றாமிடம் வரை சென்றது. ஏர் சப்ளையும் தங்கள் 'தி பவர் ஆஃப் லவ்' தலைப்புக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டித்தான் வெளியிட்டார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாதபோதும் தாமாகவே செய்துகொண்ட ஏற்பாடு இது.

குழுப் பெயரில் மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. அது வணிகச் சின்னம். ஸ்வேட் என்ற பிரிட்டன் குழு, அமெரிக்காவில் அதே பெயரில் பாடிக்கொண்டிருந்த பாடகி ஒருவர் இருந்ததால், அங்கே 'தி லண்டன் ஸ்வேட்' என்று பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 2020-இல் நாஷ்வில்லைச் சேர்ந்த லேடி ஆன்டபெல்லம் குழு, அடிமைமுறைக் காலத்தை நினைவூட்டும் சொல்லைக் கைவிட்டு 'லேடி ஏ' ஆனபோது, சியாட்டிலில் அதே பெயரில் நெடுங்காலமாக ப்ளூஸ் பாடிவந்த கறுப்பினப் பாடகி அனிடா ஒயிட்டோடு வழக்கு மூண்டது. 2022-இல்தான் சமரசம் ஆனது. நல்ல நோக்கத்தோடு பெயரை மாற்றப்போன இடத்தில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெயரோடு வாழ்ந்த ஒருவரை முன்கூட்டியே விசாரிக்காமல் விட்டது எனக்கு இன்றும் நெருடுகிறது.

இதற்கு நேர்மாறாக, பெயர்கள் சண்டையில்லாமல் கைமாறிய சங்கிலி ஒன்றும் உண்டு. உருளும் கல்லில் பாசி பிடிக்காது என்பது பழைய ஆங்கிலப் பழமொழி. 1950-இல் மடி வாட்டர்ஸ் 'ரோலின் ஸ்டோன்' பாடினார். 1962-இல் லண்டன் இளைஞர்கள் அந்தப் பாட்டிலிருந்து தங்கள் குழுவுக்கு 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற பெயரை எடுத்தார்கள். 1965-இல் பாப் டிலன் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டோடு இரண்டாமிடம் வந்து, பீட்டில்ஸின் 'ஹெல்ப்!' பாட்டைத் தாண்ட முடியாமல் நின்றார். 1967-இல் 'ரோலிங் ஸ்டோன்' என்ற பெயரில் பத்திரிகை தொடங்கியது. 1972 டிசம்பரில் டெம்ப்டேஷன்ஸ் 'பாப்பா வாஸ் எ ரோலின் ஸ்டோன்' பாட்டோடு முதலிடம் பெற்றார்கள். முதல் ஆளே வேலி போட்டிருந்தால் இவ்வளவு பேர் அந்த வழியே நடந்திருக்க முடியாது.

1977-இல் முதல் பதிப்பு கண்ட 'கின்னஸ் புக் ஆஃப் பிரிட்டிஷ் ஹிட் சிங்கிள்ஸ்' நூலின் கடைசியில் தலைப்பு அகரவரிசை இருக்கும். ஒரே தலைப்பில் வெவ்வேறு பாட்டுகள் வந்தால் அடைப்புக்குறிக்குள் ஏ, பி என்று எழுத்திட்டுப் பிரித்திருப்பார்கள். ஒரே பாட்டைப் பலர் பாடியிருந்தால் எல்லாருக்கும் ஒரே எழுத்து. பெரிய வெற்றிக்கும் சிறிய வெற்றிக்கும் அங்கே சம அளவு இடம், ஒரே எழுத்தளவு. இன்று ஸ்ட்ரீமிங் செயலியில் அதே தலைப்பைத் தட்டினால், அதிகம் கேட்கப்படுவது மேலே வருகிறது, மற்றவை கீழே புதைகின்றன. இளைஞர்கள் பலர் செலின் டியான் பாட்டைத்தான் ஒரே 'தி பவர் ஆஃப் லவ்' என்று நம்புவதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேடல் பெட்டி அவர்களுக்குக் காட்டுவது அவ்வளவுதான். இந்த விஷயத்தில் அந்தப் பழைய நூலின் பக்கமே நான்.

வினாடி வினா நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2012 டிசம்பரில், ஜான் லூயிஸ் கடையின் கிறிஸ்துமஸ் விளம்பரத்தில் ஒலித்ததன் மூலம், கேப்ரியல் ஆப்ளின் பாடிய 'தி பவர் ஆஃப் லவ்' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அது ஃப்ராங்கி குழுவின் பாட்டு. எனவே பிரிட்டனில் அந்தத் தலைப்பில் முதலிடம் பெற்ற பாட்டுகள் இரண்டு, பதிவுகள் மூன்று. ஹுயி லூயிஸின் பாட்டு 1986-இல் மறுபடி வெளியிடப்பட்டபோதும் அங்கே ஒன்பதாம் இடத்தைத் தாண்டவில்லை. 'மூன்று பாட்டு' என்பதைச் சரியான விடையாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.