அம்மா வரப்போவதை எண்ணெய் கம்பெனிக்கு ஏன் சொல்ல வேண்டும்?

வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை விற்கிற கம்பெனியிடமிருந்து பில் வந்திருக்கிறது. "எண்ணெய் தீர்ந்துபோன பாய்லரை மீண்டும் இயக்கியதற்கு: 185 டாலர்." எண்ணெய் தீராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்றால் வாயை மூடிக்கொண்டு கட்டியிருப்பேன். ஆனால் அது அவர்கள் பொறுப்பு. அதற்காகத்தான் காலனுக்கு நாற்பது சென்ட் கூடுதலாகக் கொடுத்து, 'தானியங்கி விநியோகம்' என்ற திட்டத்தில் சேர்ந்தேன். நீங்கள் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம், தீருமுன் நாங்களே வந்து நிரப்பிவிடுவோம் என்றார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. தீர்ந்துவிட்டது. ஜனவரி மாதம், அதிகாலை மூன்று மணி, வெளியே மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்.

இந்த வயிற்றெரிச்சல் புரிய வேண்டுமானால் இங்கே வீடு எப்படிச் சூடாகிறது என்பது தெரிய வேண்டும். நான் இருப்பது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகருக்கு அருகே. நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் இந்தப் பகுதியில் எல்லாத் தெருவுக்கும் எரிவாயுக் குழாய் வந்துவிடவில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு முன்னால் அது நின்றுவிட்டது. வீடு 1920களில் கட்டியது. முதலில் நிலக்கரி எரித்திருக்கிறார்கள். கரி கொட்டிவைத்த மரத்தடுப்பு நிலவறையில் இன்றும் கறுப்பாகவே இருக்கிறது. பிறகு எண்ணெய்க்கு மாறினார்கள். காலம் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வடக்கே மெய்ன் மாநிலத்தில் ஏறக்குறைய பாதி வீடுகள் இன்றும் எண்ணெயை எரித்துத்தான் குளிர்காய்கின்றன.

நிலவறையில் 275 காலன் தொட்டி ஒன்று, ஏறக்குறைய ஆயிரம் லிட்டர், நான்கு காலில் எருமை போல நிற்கிறது. அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு செப்புக் குழாய் பாய்லருக்குப் போகிறது. பாய்லர் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளின் சுவரோரமாக ஓடும் குழாய்களில் சுற்றவிடுகிறது. காற்றைச் சூடாக்கினால் ஃபர்னஸ், தண்ணீரைச் சூடாக்கினால் பாய்லர் என்பது இலக்கணம். ஆனால் பழுதாகும்போது திட்டுவதற்கு இங்கே எல்லோருக்கும் இரண்டும் ஃபர்னஸ்தான். எரிகிற எண்ணெயோ கிட்டத்தட்ட டீசல். சாலை வரி கட்டாத எண்ணெய் என்பதால் சிவப்புச் சாயம் கலந்து விற்கிறார்கள். லாரியில் ஊற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். நம் ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம். நிறம்தான் வேறு, சந்தேகம் ஒன்றேதான்.

இனி அந்தத் தானியங்கி மகாத்மியத்துக்கு வருகிறேன். தொட்டியில் ஏதோ கருவி இருந்து கம்பெனிக்குத் தகவல் அனுப்புகிறது என்றுதான் ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எல்லாம் பஞ்சாங்கம். ஒரு நாளின் சராசரி வெப்பத்தை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து கழிக்கிறார்கள். சராசரி 25 என்றால் மீதி 40. அன்றைக்கு நாற்பது 'டிகிரி நாள்'. ஒரு காலன் எண்ணெய் எத்தனை டிகிரி நாளுக்குத் தாங்கும் என்பதற்கு வீட்டுக்கு வீடு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அதற்கு 'கே ஃபேக்டர்' என்று பெயர். எங்கள் வீட்டுக்கு 5. நாற்பதை ஐந்தால் வகுத்தால் அன்று எட்டு காலன் எரிந்திருக்கும். இப்படித் தினமும் கூட்டிக்கொண்டே போய், தொட்டி கால்வாசிக்கு இறங்கியிருக்கும் என்று கணிப்பொறிக்குத் தோன்றுகிற நாளில் லாரி புறப்படும். தொட்டியை யாரும் பார்ப்பதில்லை. லாரி ஓட்டுநரும் பார்ப்பதில்லை. வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் முனையைப் பொருத்திவிட்டு, உள்ளே தொட்டியிலிருந்து வரும் விசில் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். எண்ணெய் ஏற ஏறக் காற்று வெளியேறி ஊதும். விசில் நின்றால் தொட்டி நிறைந்துவிட்டது. இந்த ஏற்பாடு முழுவதிலும் உண்மை பேசுகிற ஒரே உறுப்பு அந்த விசில்தான்.

நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்தார். சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய், காலில் கம்பளி உறை. அப்படியும் நடுங்கினார். அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஃபாரன்ஹீட்டில் 64இல் இருந்தது. அதை 70க்கு உயர்த்தினேன். செல்சியஸில் 21, அம்மாவுக்கு அதுவே மார்கழிதான். 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 65 டிகிரி போதும், இரவில் 55 போதும் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். வெள்ளை மாளிகையில் எழுபத்திரண்டு வயதுத் திருநெல்வேலிக்காரர் யாரும் அப்போது தங்கியிருக்கவில்லை. போதாக்குறைக்கு, குளியலறை வெந்நீரும் இதே பாய்லரில்தான் காய்கிறது. அம்மா காலையும் மாலையும் குளிப்பார். கே ஃபேக்டர் நான்குக்குக் கீழே எப்போதோ விழுந்திருக்கும். கணிப்பொறியோ ஐந்தையே பிடித்துக்கொண்டு ஜபம் செய்துகொண்டிருந்தது.

(வந்த இரண்டாம் வாரமே ஒரு கூத்து நடந்தது. நிலவறைப் படிக்கட்டின் மேலே சிவப்புத் தகடு போட்ட ஒரு சுவிட்ச் உண்டு, ஆபத்து வந்தால் பாய்லரை அணைப்பதற்கு. அதை ஒட்டியே, அதே உயரத்தில், விளக்கு சுவிட்ச். மின்சாரம் வீணாகிறதே என்று அம்மா இரண்டையும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் மெக்கானிக் வந்தார், ஒரு படிகூட இறங்கவில்லை, சிவப்புச் சுவிட்சைத் தட்டினார், 120 டாலர் வாங்கிக்கொண்டு போனார். அதை நான் கட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மகானுபாவனைத் தவிர யாரையும் திட்டவில்லை.)

அந்த ஜனவரி இரவில் மூக்கு நுனி மரத்துப்போய் விழித்தேன். தெர்மோஸ்டாட் 54 காட்டியது. நிலவறைக்கு ஓடினேன். தொட்டியின் உச்சியில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியும் அதற்குள் ஒரு சிவப்பு மிதவையும் இருக்கும். எண்ணெயின் அளவைக் காட்டுவது அதுதான். மிதவை அடியில் போய் உட்கார்ந்திருந்தது. பாய்லருக்குள் எண்ணெயை எரிக்கும் பர்னரின் சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். ஒருமுறைக்கு மேல் அழுத்தக் கூடாது. பற்றவில்லையே என்று அழுத்திக்கொண்டே இருந்தால், எரியாத எண்ணெய் உள்ளே தேங்கி, பற்றும்போது குப்பென்று வெடித்து வீடு முழுவதும் கரியை அப்பிவிடும். மோட்டார் உறுமியது. தீப்பொறி சடசடத்தது. சுடர் இல்லை. சுடரைக் கவனிக்க உள்ளே ஒரு சின்னக் கண் உண்டு. முக்கால் நிமிடம் பார்த்துவிட்டு அது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

கம்பெனியின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். என் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கிறது" என்றார். நான் தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன், விரலால் தட்டினால் கோயில் அண்டா போலக் கணீரென்கிறது, அவர் எங்கிருந்தோ அதில் எண்ணெய் இருக்கிறது என்று சாதிக்கிறார்! "அம்மணி, தொட்டி காலி." "நீங்கள் தானியங்கி வாடிக்கையாளர். உங்களுக்குக் காலியாக வாய்ப்பில்லை." ஐந்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு, மதியத்துக்குள் யாராவது வருவார்கள் என்றார். மதியத்துக்குள்! வெளியே மைனஸ் 18இல் இருக்கும்போது பழைய வீட்டின் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் மதியம் வரை பொறுத்திருக்குமா? உறைந்தால் வெடிக்கும். வெடித்தால் கூரையிலிருந்து அருவி.

அம்மா எழுந்து வந்துவிட்டார். அவரை இரண்டு ரஜாய்க்குள் புதைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனேன். ஐந்து காலன் மஞ்சள் கேன் இரண்டு. இங்கே சிவப்புக் கேன் பெட்ரோலுக்கு, நீலம் மண்ணெண்ணெய்க்கு, மஞ்சள் டீசலுக்கு. அவசரத்துக்கு டீசலை ஊற்றலாம். பெட்ரோலைத் தவறியும் ஊற்றக் கூடாது, வீடே போய்விடும். முழங்கால் பனியில் நின்று, கையுறைக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல், புனல் வைத்து இரண்டு கேனையும் வெளிக்குழாயில் கவிழ்த்தேன். காலணியில் கொஞ்சம், கால்சட்டையில் கொஞ்சம் போனது போக மீதி தொட்டிக்குப் போனது.

எண்ணெய் ஊற்றினால் மட்டும் எரிந்துவிடாது. தீர்ந்த குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்ற வேண்டும். சின்ன வயதில் பம்ப் ஸ்டவ்வின் துளையில் பின் குத்திய கைதான் இது என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். பர்னரின் எண்ணெய் பம்பின் பக்கவாட்டில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஊறுகாய் பாட்டிலுக்குள் விட்டேன். பொத்தானை அழுத்திவிட்டு ஸ்பேனரால் திருகைத் தளர்த்தினேன். எண்ணெய் பாட்டிலுக்குப் போவதால் உள்ளே தேங்காது, திரும்ப அழுத்தலாம். முதலில் வெறும் காற்று. பிறகு நுரை, இருமுவதுபோலத் துப்பித் துப்பி. நான்காவது முறை, தொட்டியின் அடிமண்டியோடு பழுப்புச் சிவப்பில் ஒரே சீராக ஒழுகியது. திருகை இறுக்கினேன். உள்ளே தீப் பிடிக்கும் 'பொக்' என்ற அந்தச் சத்தம் கேட்டதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எலுமிச்சை ஊறுகாயும் டீசலும் கலந்த வாடை கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

அந்தக் குளிரில் பத்து காலன் ஒரு பகல் தாங்கினாலே பெரிது. எண்ணெய் லாரியும் மெக்கானிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தார்கள். பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார், தலையாட்டினார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தக் கையெழுத்துதான் இப்போது 185 டாலராகத் திரும்பி வந்திருக்கிறது. இயக்கியது நான்! கேட்டால், "எங்கள் ஆள் வந்து சரிபார்த்தாரே" என்கிறார்கள். ஏன் தீர்ந்தது என்று கேட்டேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது: வீட்டில் ஆட்கள் கூடினாலோ தெர்மோஸ்டாட்டை உயர்த்தினாலோ வாடிக்கையாளர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதாவது, விமான டிக்கெட் எடுத்தவுடன் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் சொல்வதற்கு முன்னால் எண்ணெய் கம்பெனிக்குச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா வருகிறார், இரண்டு வேளை குளிப்பார், ஆவன செய்யவும்.

இதில் இன்னொரு வேடிக்கை. இரண்டு நாள் கழித்துப் பாய்லர் மறுபடியும் நின்றது. தொட்டி காலியாகும்போது அடியில் கிடந்த மண்டியெல்லாம் கிளம்பி ஃபில்டரை அடைத்திருந்தது. ஃபில்டரைத்தான் செப்டம்பரில் வருடாந்தரப் பராமரிப்பின்போது மாற்றினார்களே என்று பாய்லரில் தொங்கும் அட்டையைப் பார்த்தேன். நாசில், ஃபில்டர், கரி அகற்றல், புகைச் சோதனை என்று எல்லாவற்றுக்கும் எதிரே அழகாக டிக் அடித்திருந்தது. ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கிற வேலை. அன்று வந்தவர் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "வெண்ணெய் போல எரிகிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபில்டர் கிண்ணத்தை மூடியிருக்கும் போல்ட்டின் மேல் சிலந்தி வலை. தூசி படிந்து, பூச்சித் தோல் இரண்டு தொங்க, வருடக்கணக்கில் யாரும் கலைக்காத வலை. போல்ட்டைத் தொடாமல் ஃபில்டரை மாற்றுகிற வித்தையைச் சித்தர்கள்தான் செய்ய முடியும். அந்தச் சிலந்தியைப் படம் எடுத்து அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

விலை விஷயத்தை ஆரம்பித்தால் விடிந்துவிடும். 2022 கோடையில் காலன் 5 டாலரைத் தாண்டியபோது, இன்னும் ஏறும் என்று பயமுறுத்தி முழுப் பருவத்துக்கும் விலையைப் பூட்டவைத்தார்கள். அடுத்த வசந்தத்துக்குள் சந்தை விலை என் விலைக்குக் கீழே போய்விட்டது. இறங்கினால் உங்களுக்கும் இறக்குவோம் என்பதற்குத் தனிக் கட்டணமாம். அதை நான் கட்டவில்லையாம்.

வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுத்துவரும் ஹீட் பம்ப் போட்டுவிடுங்களேன் என்று அறிவுரை சொல்லப்போகிறவர்கள் சற்றுப் பொறுக்கவும். எனக்கும் தெரியும். மெய்னில் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்ற இலக்கையே 2023இல், குறித்த காலத்துக்கு இரண்டு வருடம் முன்பாக எட்டிவிட்டார்கள். ஆனால் இந்த மாநிலத்தின் மின்கட்டணத்தையும், காற்று ஊடுருவும் எங்கள் நூறு வயதுச் சுவர்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். முதலில் சுவர், ஜன்னல், பிறகு மின்பலகை, அதற்குப் பிறகுதான் ஹீட் பம்ப். அதுவரை எருமைதான்.

தானியங்கித் திட்டத்தை ரத்து செய்துவிட்டேன். இப்போது ஞாயிறுதோறும் நானே இறங்கி மிதவையைப் பார்த்து, பழைய கரித் தடுப்பின் மேல் சாக்குக்கட்டியால் தேதியோடு எழுதுகிறேன். வேறொரு கம்பெனியில் 150 காலனுக்குச் சொல்லியிருக்கிறேன். நூறுக்குக் குறைந்தால் அதற்கும் அபராதம். நாளைக் காலை எட்டு மணிக்கு லாரி வருகிறது. இன்று மாலை முதல் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. வாசலிலிருந்து எண்ணெய்க் குழாய் வரை பாதை வெட்டிவைக்காவிட்டால் ஓட்டுநர் திரும்பிப் போய்விடுவார். சும்மா வந்து போனதற்கு 75 டாலர். ஆகவே இதைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் பனியை வாரிப் போட்டுவிட்டு வந்தேன். அரை மணி நேரம். அவ்வளவு நேரமும் அம்மா குரங்குக் குல்லாயோடு வாசலில் நின்று, வழுக்கும், பார்த்து நட என்று சொல்லிக்கொண்டிருந்தார், கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு.